அம்மா பார்க்கப் போன பனி

அம்மாவுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தது நான்தான். அது எல்லோருக்கும் தெரியும். யாருக்கும் தெரியாதது ஒன்று இருந்தது. டிக்கெட்டோடு நிரப்ப வேண்டிய படிவத்தில், 'இதய நோய் உண்டா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று குறியிட்டதும் நான்தான். அதற்குப் பத்து நாள் முன்புதான் டாக்டர் என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தார், மலை உயரத்துக்கெல்லாம் இவங்க போகவே கூடாது என்று.

அம்மா போனாள். பனியைப் பார்த்தாள். திரும்பி வரவில்லை.

எங்கள் தோட்டம் கிணத்துக்கடவிலிருந்து மேற்கே நான்கு கிலோமீட்டர். தென்னை, நடுவில் கொஞ்சம் காய்கறி. அப்பா காளிச்சாமி அந்த நான்கு கிலோமீட்டரைத் தாண்டுவதற்கே யோசிக்கிற மனிதர். கோயமுத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தால் இரண்டு நாள் அசதியில் படுத்திருப்பார். அவருக்கு வாய்த்தவள் அம்மா, ராசாத்தாள்.

அண்ணன் கவின் கைக்குழந்தையாக இருந்தபோது அப்பா மோட்டார் அறையில் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டார். பறித்த தக்காளி அத்தனையும் ட்ரெய்லரில் ஏற்றித் தயாராக இருந்தது. டிராக்டர் ஓட்ட ஆள் இல்லை. அம்மா குழந்தையைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். சோறு கொண்டு போகும்போதெல்லாம் அப்பா ஓட்டுவதைப் பார்த்ததுதான் அவள் கற்ற பாடம். கிணத்துக்கடவு சந்தை வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அங்கே போனதும்தான் ஒன்று தெரிந்தது: வண்டியைப் பின்னால் எடுப்பது எப்படி என்று அவள் பார்த்ததே இல்லை. சந்தையில் இருந்தவர்கள் ட்ரெய்லரைக் கழற்றி, திருப்பி வைத்து, மறுபடி மாட்டிக் கொடுத்தார்கள். "முன்னால போறது மட்டுந்தான் எனக்குத் தெரியும்" என்று அதை அவளே சிரித்துச் சிரித்துச் சொல்லுவாள். அடுத்த வாரமே பின்னால் எடுக்கவும் கற்றுக்கொண்டாள். அப்பாவின் தம்பிக்கு, என் சித்தப்பாவுக்கு, டிராக்டர் ஓட்டச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும். பொள்ளாச்சியில் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டு அம்மாவின் மொபெட்டில் திரும்பிக்கொண்டிருந்தோம். வால்பாறை பஸ் ஒன்று எங்களைக் கடந்து போனது. "அது எங்கீங்கம்மா போகுது?" என்று கேட்டேன். அம்மா வண்டியை ஓரம் கட்டினாள். கொஞ்ச நேரம் அந்தப் பஸ்ஸையே பார்த்தாள். "வா, போயிப் பாக்கலாம்" என்று திருப்பிவிட்டாள்.

ஆழியாறு தாண்டியதும் மலை ஏறத் தொடங்கியது. மொபெட் இழுக்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் நான் இறங்கி ஓடுவேன். அம்மா காலால் தரையை உந்திக்கொண்டே மேலே ஏற்றி நிறுத்தி எனக்காகக் காத்திருப்பாள். ஒன்பதாவது வளைவில், தடுப்புச் சுவருக்கு அப்பால், பாறையின் மேல் நான்கு வரையாடுகள் நின்றன. அம்மா எஞ்சினை அணைத்தாள். "சத்தம் போடாத கண்ணு. மூச்சு மட்டும் உடு" என்றாள் காதுக்குள். அதில் பெரியது எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. கீழே ஆழியாறு அணை ஒரு தட்டில் ஊற்றிய தண்ணீர்போலத் தெரிந்தது. எங்கள் வீட்டில் யாரும் அதுவரை பார்க்காத ஒன்றை நானும் அம்மாவும் பார்த்துவிட்டோம் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது இன்றும் நினைவில் இருக்கிறது.

வீட்டுக்கு வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. அப்பா கேட்டருகே நின்றுகொண்டிருந்தார். திட்டப்போகிறார் என்று பயந்து அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "வண்டி சூடாகலையா?"

அப்படித்தான் இருந்தார்கள் இரண்டு பேரும். அறுபத்தோரு வயதில், பொள்ளாச்சி பலூன் திருவிழாவில், விடியற்காலையிலேயே போய் நின்று அம்மா பலூனில் ஏறினாள். என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். நான் கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். "கண்ணைத் தொறந்து பாரு அம்மணி, தோப்பெல்லாம் மொளப்பாரி வெச்ச மாதிரி இருக்குது!" என்று கத்தினாள். பலூன் ஒருவருடைய மக்காச்சோளக் காட்டில் இறங்கியது. காட்டுக்காரர் கோபத்தோடு ஓடி வந்தார். மற்றவர்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்க, அம்மா மட்டும் குனிந்து சாய்ந்த பயிரை நிமிர்த்தி மண் அணைக்கத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் அந்த மனிதர் அவளுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மேலே இருந்து பார்த்தபோது தன் காடு எப்படி இருந்தது என்று கேட்டார்.

அன்றைக்குத் திரும்பி நடக்கும்போதுதான் முதன்முதலாக அவள் மூச்சு வாங்கி நின்றதைப் பார்த்தேன்.

ஒரு வருடம் போனபின் அது அதிகமானது. நான் சரவணம்பட்டியில் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை செய்கிறேன். லீவு போட்டுவிட்டு அம்மாவைக் கோயமுத்தூரில் ஒரு இதய மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். ஸ்கேன், ஈ.சி.ஜி. எல்லாம் பார்த்துவிட்டு டாக்டர், இதயம் பலவீனமாகிவிட்டது, மாத்திரையில் ஓட்டலாம், கனமான வேலை கூடாது என்றார். ஏற்கெனவே அம்மாவின் மனதில் மணாலி இருந்தது. ஐம்பது வயது தாண்டிய பெண்களைச் சுற்றுலா அழைத்துப்போகும் மதிவதனி என்பவரைப் பற்றி நான்தான் அவளிடம் சொல்லியிருந்தேன். மலைக்குப் போகலாமா என்று அம்மா கேட்டாள். அப்போதுதான் டாக்டர் அந்த வார்த்தையை, அவளிடம் சொல்லாமல், என்னைப் பார்த்துச் சொன்னார்.

திரும்பும் வழியில் ஈச்சனாரி பக்கம் ஒரு பேக்கரியில் டீ குடித்தோம். நான் தேங்காய் பன்னைப் பிய்த்துக்கொண்டே அழுகையை அடக்கிக்கொண்டிருந்தேன்.

"எவ்வளவு ஒசரம்னு அவரு சொல்லவே இல்லையே" என்றாள் அம்மா.

"அம்மா!"

"சரி, சிரிக்காட்டிப் போ." டம்ளரைக் கீழே வைத்தாள். "அம்மணி, நாம் பயந்துட்டு ஊட்டுல உக்காந்துட்டா இது சரியாயிருமா? ஆகாது. அவரே ஆகாதுங்கறாரு. எனக்குச் சின்னதுல இருந்து பனியப் பாக்கணும். கையில எடுத்துப் பாக்கணும். அது ஒண்ணுதான் பாக்கி. நாம் போறேன். நீ டிக்கெட் போட்டுக் குடு."

"அண்ணன்கிட்ட என்னன்னு சொல்றதுங்க? அப்பாகிட்ட?"

"ஊருக்குப் போறன்னு சொல்லு. டாக்டர் சொன்னத மட்டும் சொல்லிப்போடாத. அவங்க தாங்க மாட்டாங்க. இந்த ஊட்டுல நீ ஒருத்திதான் தைரியசாலி."

அந்த வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன். பத்து நாள் கழித்து அலுவலகத்தில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பும்போது அவளுக்கு ஃபோன் செய்தேன். "இதயம்னு ஒரு கேள்வி இருக்குதுங்கம்மா. என்னன்னு போடறது?" மறுமுனையில் கோழி கூவும் சத்தம் கேட்டது. "இல்லைன்னு போடு அம்மணி." போட்டேன்.

மே மாதம் போனாள். பனியைப் பார்த்த அன்று மாலை வீடியோவில் கூப்பிட்டாள். மூக்கெல்லாம் சிவந்து, குல்லாய்க்குள் முகம் சின்னதாகத் தெரிந்தது. "அம்மணி, இது சில்லுன்னு இருக்கும்னு நெனச்சன். சுடுது! கையில வெச்சா சுடுது பாத்துக்க!" என்று அத்தனை ஆச்சரியத்தோடு சொன்னாள். மறுநாள் காலை, விடுதி முற்றத்தில் வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது, டம்ளரைப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சாய்ந்திருக்கிறாள். மற்றவர்கள் சாப்பிடக் கூப்பிட வந்தபோது உயிர் இல்லை. இதயம் நின்றுவிட்டது என்று அங்கே இருந்த டாக்டர் எழுதிக் கொடுத்தார். அண்ணன் போய் அவளைக் கொண்டுவந்தான்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் அம்மாவைப் பற்றிப் பேசவில்லை.

அண்ணனுக்குச் சோமனூரில் விசைத்தறிக் கூடம் இருக்கிறது, அங்கேயேதான் குடும்பம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அப்பாவைப் பார்க்க வருவான். நானும் போவேன். நூல் விலை, கரண்டு, தேங்காய்ப் பறிப்பு, மழை என்று பேசுவோம். பேச்சு எங்காவது சுற்றி அம்மாவின் பக்கம் வந்தால், மூன்று பேரில் ஒருவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவோம். அவர்களுக்கு ஏதோ சந்தேகம் வந்துவிட்டது, என் வாயால் வரட்டும் என்று காத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அண்ணன் என் கண்ணைப் பார்த்துப் பேசுவதில்லை என்று பட்டது. ராத்திரியெல்லாம் தூக்கம் வராமல், எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி படுப்பேன். அலுவலகத்தில் எந்தப் படிவத்தில் குறியிடும்போதும் விரல் ஒரு நொடி நின்றுதான் போகும்.

அம்மாவின் முதல் வருஷத் திதி வந்தது. தோட்டத்து வீட்டில்தான். நெருங்கிய சொந்தம் ஒரு முப்பது பேர். மதிவதனியும் வந்திருந்தார். அப்பாவே ஃபோன் செய்து வரச் சொல்லியிருந்தார் என்பது எனக்கு அவர் வந்தபிறகுதான் தெரிந்தது. நாற்பத்தைந்து வயதுக்காரர். போன வருடம் பார்த்ததற்குப் பாதியாக இளைத்திருந்தார். அம்மா இறந்ததற்குப் பிறகு எந்தப் பயணத்தையும் அவர் நடத்தவில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன்.

படையல் முடிந்தது. இலை போடுவதற்கு முன் எல்லோரும் முன்கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். சித்தப்பா வந்ததிலிருந்தே மதிவதனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று கேட்டார்:

"ஏனுங்க, நீங்கதான் அந்தக் கூட்டத்த நடத்தறவங்களா?"

"ஆமாங்க."

"அறுவத்தி மூணு வயசுப் பொம்பளைய அத்தன ஒசரத்துக்குக் கூட்டீட்டுப் போறீங்களே, ஒடம்பு எப்படி இருக்குதுன்னு ஒரு வார்த்த பாக்க மாட்டீங்களா? அண்ணி இங்க இருந்திருந்தா இன்னைக்கு இந்த ஊட்டுல நடமாடீட்டு இருந்திருப்பாங்க. உங்குளுக்கு ஆள் சேந்தாப் போதும். யாரு செத்தா உங்குளுக்கு என்னங்க?"

அவருக்கு அம்மா என்றால் உயிர். கோபத்துக்கு அடியில் அழுகைதான் இருந்தது. ஆனாலும் வார்த்தை வார்த்தைதான்.

மதிவதனி தலையைக் குனிந்துகொண்டார். "தப்புதாங்க" என்றார். "படிவத்துல இல்லைன்னு இருந்துச்சு, அத நம்பிட்டேன். நான் நேர்ல கேட்டிருக்கோணும். மேல போற அன்னைக்குக் காலைல அவங்க படிக்கட்டுல நின்னு மூச்சு வாங்கினாங்க. நான் பாத்தேன். பாத்துட்டும் கூட்டீட்டுப் போனேன். ஒரு வருஷமா அந்தப் படிக்கட்டுதாங்க கண்ணுக்குள்ள நிக்குது."

நான் சுமப்பதாக நினைத்த பாரத்தை, ஒன்றும் அறியாத இந்தப் பெண் என் வீட்டில், என் சொந்தத்துக்கு முன்னால் குனிந்து சுமந்துகொண்டிருந்தார். எழுந்தது எனக்கே தெரியவில்லை.

"சித்தப்பா, அவங்க மேல தப்பில்லீங்க" என்றேன். "அம்மாவுக்கு இதயம் பலவீனமா இருந்துச்சு. மலைக்குப் போகக் கூடாதுன்னு டாக்டர் என்கிட்டச் சொன்னாரு. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் டிக்கெட் போட்டேன். அந்தப் படிவத்துல இல்லைன்னு போட்டது அம்மா இல்லீங்க. நான்."

சமையலறையில் யாரோ பாத்திரம் நகர்த்தும் சத்தம் மட்டும் கேட்டது.

மதிவதனிதான் முதலில் தலை நிமிர்ந்தார். என்னையே பார்த்தார். அவர் முகத்தில் என்னவெல்லாமோ வந்து போனது. "ஒரு வருஷங்க" என்றார் கடைசியில். "ஒரு வருஷம் முன்னாடி இத எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே நீங்க. ஒரு ஃபோன். நான் எத்தன நாள் சோறு எறங்காம உக்காந்திருந்தேன் தெரியுமா?"

"தெரியாதுங்க. என்னப் பத்தி மட்டுந்தான் நெனச்சேன். மன்னிச்சுக்கங்க."

அவர் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். ஆனால் அது வேறு அழுகை. தோள் தளர்ந்து, மூச்சு நீண்டு வந்தது.

நான் அண்ணனைப் பார்க்கப் பயந்தேன். அவன் சுவரோரம் நின்றுகொண்டிருந்தான். திட்டுவான், அடிக்கக்கூடச் செய்வான் என்று காத்திருந்தேன்.

"உன்னையுமா கேட்டாங்க, பிரியா?" என்றான்.

எனக்குப் புரியவில்லை.

"அம்மா என்னையத் திருப்பூர்ல ஒரு டாக்டர்கிட்டக் கூட்டீட்டுப் போகச் சொன்னாங்க. போன வருஷம் ஏப்ரல்ல. உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கீட்டாங்க. பிரியாவுக்குத் தெரிஞ்சா டிக்கெட்டக் கேன்சல் பண்ணிப்போடுவா, அவ பயந்த புள்ளன்னு சொன்னாங்க. அந்த டாக்டரும் அதேதான் சொன்னாரு. ஊட்டுலயே படுத்திருந்தாலும் உறுதி சொல்ல முடியாதுன்னும் சொன்னாரு. நான் என்ன பண்ணினேன் தெரியுமா? குளிருக்குப் போடற உடுப்பெல்லாம் ஃபிரண்டு கம்பெனியில வாங்கிக் குடுத்தனுப்பினேன். அங்க போயி அம்மாவப் பாக்கறப்ப, அந்த உடுப்போடதான்…" புறங்கையால் கண்ணைத் துடைத்தான். "இந்த ஊட்டுல நீ ஒருத்தந்தான் தைரியசாலின்னு சொன்னாங்க, பிரியா" என்றான்.

"என்கிட்டயும் அதத்தான் சொன்னாங்கண்ணா."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். ஒரு வருடமாக அவன் என் கண்ணைப் பார்க்காததற்குக் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கிருந்தோ ஒரு சிரிப்பு வந்தது எனக்கு. திதி வீட்டில், முப்பது பேர் பார்க்க, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வேறு. அவனும் சிரித்தான். சித்தப்பா எங்களைப் பார்த்துக் குழம்பிப்போய், "என்ன சாமி, என்ன நடக்குது இங்க?" என்றார்.

"அவ கெட்டிக்காரி" என்று ஒரு குரல் கேட்டது. அப்பா.

அவர் அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "ஒருத்தர் ஒருத்தராக் கேட்டா யாரு தடுப்பீங்க? மூணு பேரும் ஒண்ணா உக்காந்து பேசியிருந்தா அவளால போயிருக்க முடியாது. அதனாலதான் தனித்தனியாக் கேட்டிருக்கறா."

"மூணு பேரா?" என்றேன்.

"என்கிட்டத்தான் மொதல்ல சொன்னா" என்றார் அப்பா. "நீ ஆஸ்பத்திரிக்குக் கூட்டீட்டுப் போயிட்டு வந்த அன்னைக்கே. தண்ணி கட்டீட்டு இருந்தேன். வந்து வரப்புல உக்காந்துட்டு எல்லாத்தையும் சொல்லீட்டா. அப்ப நாங் கேட்டேன், போகாதேன்னு நாஞ் சொல்லட்டுமான்னு. 'நீங்க சொன்னா நாம் போகமாட்டனுங்க. ஆனாச் சொல்லாதீங்க'ன்னா."

துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். அதன் ஓரத்தையே விரலால் நீவிக்கொண்டிருந்தார்.

"நீங்க ரெண்டு பேரும் சொல்லியிருந்தா அவ கேட்டிருக்க மாட்டா. நாஞ் சொல்லியிருந்தா நின்னிருப்பா. அந்த ஒரு வார்த்த. சொல்லல. ஒரு வருஷமா அத வாய்க்குள்ள வெச்சுட்டுத்தான் இருக்கறேன்."

அண்ணன் போய் அவர் காலடியில் உட்கார்ந்தான். எங்கள் பாரத்தை இரண்டாகப் பங்கிட்டுக்கொண்டோம். அவருடையது அப்படிப் பங்கிட முடியாதது. அவர் சொன்னது உண்மையும்கூட. அவர் சொல்லியிருந்தால் அம்மா நின்றிருப்பாள்.

அப்போது மதிவதனி கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஐயா, நான் ஒண்ணு சொல்லலாங்களா? பனிக்குப் போயிட்டு வந்த அன்னைக்குச் சாயங்காலம் அவங்களும் நானும் ஆத்தோரமா நடந்துட்டு இருந்தோம். உங்களுக்கு ஃபோன் பேசீட்டு வந்தாங்க. ஊட்டுக்காரரு என்ன சொன்னாருன்னு சும்மா கேட்டேன். அப்ப அவங்க சொன்னாங்க: 'போகாதேன்னு சொல்ற வார்த்த அவரு வாய் வரைக்கும் வந்து நின்னுச்சுங்க. எனக்குத் தெரியும். அத முழுங்கிப்போட்டாரு. நாப்பது வருஷத்துல அவரு எனக்குக் குடுத்ததுலயே அதுதான் பெருசு.' எனக்கு அன்னைக்கு அது புரியலீங்க. ஏதோ புருசன் பொண்டாட்டிப் பேச்சுன்னு உட்டுட்டேன். இப்பத்தான் புரியுது."

அப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படியா சொன்னா?" என்று கேட்டார்.

"இதே வார்த்தைங்க ஐயா."

"பெருசுன்னு சொன்னாளா?"

"ஆமாங்க."

அப்பா துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் எடுக்கவே இல்லை. எடுத்தபோது அவருடைய முகம் கழுவினதுபோல இருந்தது. அம்மா செத்த அன்று அழாத மனிதர். "சரி" என்றார். அப்புறம் இன்னொருமுறை, "சரி சரி."

சித்தப்பா எழுந்தார். மதிவதனியின் முன்னால் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். "தப்பாப் பேசிப்போட்டனுங்க, மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். "அட, இருக்கட்டுங்க" என்று அவர் பதறிப்போய்த் தள்ளி நின்றார். பிறகு சித்தப்பா எங்களைத் திரும்பிப் பார்த்து, "அண்ணி என்னைய மட்டும் கேக்கவே இல்லையே" என்று ஆதங்கத்தோடு சொன்னார். "உங்களக் கேட்டா நீங்களும் கூடக் கெளம்பீருப்பீங்க" என்று யாரோ சொல்ல, கூடம் முழுவதும் சிரிப்பு. அண்ணனின் மனைவி உள்ளேயிருந்து வந்து, சோறு ஆறிப்போகிறது, இலை போடலாமா என்று கேட்டார்.

சாப்பிட்டோம். மதிவதனி இரண்டு தடவை பாயசம் வாங்கிக்கொண்டார். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் உங்க மேல கோவம் போகலீங்க. ஆனாப் போயிரும்" என்றார். அது எனக்குப் போதுமாக இருந்தது. அடுத்த முறை படிவம் போதாது, ஒவ்வொருவருடைய டாக்டரிடமும் நேராகவே பேசிவிடுவேன் என்றும் சொன்னார். அடுத்த முறை என்று அவர் சொன்னதைக் கேட்டுத்தான் எனக்கு மனம் இன்னும் லேசானது.

சொந்தங்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். வெயில் சுள்ளென்று அடித்தது. அண்ணன் ஃபேனைப் போட்டுவிட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தான். நானும் ஒரு தலையணையை இழுத்துப் போட்டுக்கொண்டேன். படுத்ததுதான் தெரியும். ஒரு வருடத்தில் அப்படித் தூங்கியதே இல்லை. கனவுகூட வரவில்லை.

டாக்டர் பேச்சைக் கேட்டிருந்தால் அம்மா இன்னும் ஒரு வருடமோ இரண்டு வருடமோ இருந்திருப்பாளோ என்னவோ. அது யாருக்கும் தெரியாது. அந்தக் கேள்வி இன்னும் வருகிறது. ஆனால் இப்போது அது வரும்போது நான் தனியாக இல்லை. அண்ணனுக்கு ஃபோன் செய்து, "இன்னைக்கு எனக்கு வந்துச்சு" என்பேன். "எனக்கு முந்தாநாத்து" என்பான் அவன்.

அன்று கண் விழித்தபோது நாலு மணி இருக்கும். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணனும் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். நான் டீ போட்டுக் கொண்டுவந்தேன். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, யாரும் கேட்காமலே பேச ஆரம்பித்தார்.

"கல்யாணம் ஆன புதுசுல, ஊட்டுல பழனிக்குப் போறம்னு சொல்லீட்டு அவ என்னைய எங்க கூட்டீட்டுப் போனா தெரியுமா?"

எங்களுக்குத் தெரியாது. இந்தக் கதையை அவர் சொன்னதே இல்லை. அம்மாவும் சொன்னதில்லை.

"கோழிக்கோடு. பாலக்காடு போயி, அங்கிருந்து ரயிலு. கடலப் பாக்கோணுமாம். எனக்கு ரயிலுன்னாலே வயித்தக் கலக்கும். போயிச் சேந்தம். கடலப் பாத்ததும் செருப்பக் கழட்டி எங்கைல குடுத்துட்டு நேரா உள்ள போறா, சேலையோட. முட்டி வரைக்கும் போனா, இடுப்பு வரைக்கும் போனா, கழுத்து வரைக்கும் போயிட்டா. எனக்கு நீச்சலும் தெரியாது, மலையாளமும் தெரியாது. யாரையக் கூப்படறது? செருப்பப் புடிச்சுட்டு நிக்கறேன். ஒரு அலை வந்து மூடிப்போச்சு. போயிட்டாடா காளிச்சாமின்னு நெனச்சன். அக்கட்டால தல மேல வந்துச்சு. சிரிக்கறா!"

அப்பா சிரித்தார். பல் தெரிய, தோள் குலுங்க.

"அவ போயிட்டு வார வரைக்கும் செருப்பப் புடிச்சுட்டு நிக்கறதுதான் என்ற வேலைன்னு அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு."

"ஊட்டுல கேக்கலீங்களா? பழனி பிரசாதம் எங்கன்னு?" என்றான் அண்ணன்.

"கேக்காம? அதுக்கும் ஒரு வேல பண்ணினா பாரு உங்கம்மா…"

அப்பா டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.